இடிக்கப் போகிற கடை வரிசையில் புது ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

வாசகியின் கடிதம்

ஐயா, வணக்கம். நான் கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். நகரத்தின் தென்புறத்தில் ஒரு பழைய கடை வரிசையில் எங்கள் பூஜைச் சாமான் கடை இருக்கிறது. 1979-இல் மாமனார் தொடங்கியது. கட்டடம் 1958-இல் கட்டியது என்று முகப்பிலேயே சிமென்டில் எழுதியிருக்கும். மொத்தம் பதினொரு கடை. இன்று திறந்திருப்பது நான்குதான்: நாங்கள், ஒரு சலூன், ஒரு டேக்அவே, செல்போன் ரிப்பேர் செய்யும் ஒரு பையன்.

கட்டடத்தைப் பழைய முதலாளி விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி எல்லாவற்றையும் இடித்து, சூப்பர்மார்க்கெட்டோடு புது வளாகம் கட்டப் போகிறதாம். சொல்லி மூன்று வருடம் ஆகிறது. படம் போட்டு வைத்த பலகைகூட வெயிலில் வெளுத்துவிட்டது. கூரை ஒழுகுகிறது. கேட்டால், இடிக்கப் போகிற கட்டடத்துக்கு யார் செலவு செய்வார்கள் என்கிறார் ஏஜென்ட். வாடகை மட்டும் ஏறுகிறது.

என் கணவர் பெயரில் இருந்த ஒப்பந்தம் 2019-இல் முடிந்தது. அப்புறம் மாதாமாதம் கட்டி வருகிறோம். இப்போது மூன்று வருடத்துக்குப் புது ஒப்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். ஒரு கம்பெனி பதிவு செய்து அதன் பெயரில் போட வேண்டுமாம். கம்பெனி கட்டாவிட்டால் நாங்களே கட்டுவோம் என்று நாங்கள் இரண்டு பேரும் சொந்த ஜாமீன் தர வேண்டுமாம். இடிப்பு தொடங்கினால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்ய வேண்டும். ஆனால் புது வளாகத்தில், 'இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வாடகைக்கு' முதலில் எங்களுக்கே கடை தருவார்கள் என்று ஒரு பத்தி இருக்கிறது.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கிறோமே, எங்களுக்கு உரிமையே இல்லையா? வார்விக் சந்தைக்காரர்கள் போராடி, மால் கட்டுவதை நிறுத்தினார்களே? கூரையைச் சரிசெய்யும் வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா? மாமனாரின் அப்பாவுக்கு இதே ஊரின் கேட்டோ மேனர் பகுதியில் கடை இருந்ததாம். அறுபதுகளில் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டதாம். மறுபடியும் அதே கதையா என்று வீட்டுக்காரர் தூங்குவதில்லை. மகன், கடையை மூடிவிட்டு ஆன்லைனில் விற்கலாம் என்கிறான்.

— ஒரு வாசகி, டர்பன்

வழக்கறிஞரின் பதில்

அம்மா, அந்தக் காகிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்ட் அவசரப்படுத்தினால், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அதற்காக உங்களை நாளைக்கே வெளியேற்ற முடியாது.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரு கடையில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது தனியாக எந்த உரிமையையும் தருவதில்லை. தமிழ்நாட்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைகளையும் சேர்த்துக் காத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்தான். இங்கே, நீதிமன்றம் எல்லாச் சூழ்நிலையையும் பார்த்தபிறகே ஆளை வெளியேற்றலாம் என்று சொல்லும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். 1999-இன் வாடகை வீட்டுச் சட்டமும் அப்படியே. கடைக்கு ஒப்பந்தமே எல்லாம். அது தீர்ந்து மாதவாடகையில் இருப்பவருக்கு உள்ள பாதுகாப்பு ஒரு முழு மாத நோட்டீஸ். கட்டடம் கைமாறினாலும் வாடகைதாரரின் உரிமை தொடரும் என்ற பழைய ரோம-டச்சு விதி இங்கே உயிரோடுதான் இருக்கிறது. புது முதலாளி பழைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் விற்கும்போது உங்கள் கையில் இருந்தது மாதவாடகை மட்டும் என்றால், அவர் மதிக்க வேண்டியதும் அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் எதற்காக மூன்று வருடக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி வருகிறார்கள்? அதை நன்றாக யோசித்துப் பாருங்கள். வேலை தொடங்கும் தேதி அவர்களுக்கே தெரியவில்லை. அதுவரை வாடகை வர வேண்டும். ஷட்டர் எல்லாம் மூடிய வரிசையில் செப்புக் குழாயும் கம்பியும் நிற்காது, அதனால் உள்ளே ஆள் நடமாட்டமும் வேண்டும். தொடங்குகிற நாளில் மட்டும் தகராறில்லாமல் இடம் காலியாக வேண்டும். இந்த மூன்றையும் தரக்கூடியவர்கள் மிச்சமிருக்கிற நான்கு கடைக்காரர்களான நீங்கள்தான். உங்கள் பேரம் பேசும் பலம் நாற்பது வருடப் பழமையில் இல்லை, இதில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட மறுநாள் அது போய்விடும்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். இடிப்பு நிபந்தனையைத்தான் பெரிய ஆபத்தாக நீங்கள் பார்க்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதைவிட மோசமானது, 'கம்பெனி பதிவு செய்யுங்கள்' என்கிற அந்தச் சாதாரண வரி.

2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து, வாடகைதாரர் 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ளலாம். நியாயமான ஒரு தொகையை முதலாளி பிடித்துக்கொள்வார். ஆனால் மீதி இரண்டு வருட வாடகையையும் கட்டு என்று துரத்த முடியாது. இது வீட்டுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தப் பெயரில் கடை நடத்தும் தனிமனிதருக்கும் பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று: இரண்டு பக்கமும் கம்பெனியாக இருந்தால் இந்தப் பிரிவு எழுந்து போய்விடும், கம்பெனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும். உங்கள் கணவர் பெயரில் ஒப்பந்தம் இருக்கும்வரை, வரிசை முழுக்கக் காலியாகி வியாபாரம் படுத்தால் நீங்கள் வெளியேற ஒரு கதவு இருக்கிறது. கம்பெனி பெயருக்கு மாறிய அன்று அது மூடப்படும்.

கம்பெனி என்றால் கடன் வந்தால் வீட்டைத் தொடாது என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அதற்குத்தான் பக்கத்திலேயே ஜாமீன் பத்திரத்தை வைத்திருக்கிறார்களே! கம்பெனியால் வரும் பாதுகாப்பை ஜாமீன் பறித்துக்கொள்கிறது, தனிமனிதராக இருந்த பாதுகாப்பைக் கம்பெனி பறித்துக்கொள்கிறது. முதலாளி ஒரு மாதத்தில் உங்களை அனுப்பலாம், நீங்களோ மூன்று வருடம் நகர முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக, இன்றைய மாதவாடகையே உங்களுக்கு மேல்.

புது வளாகத்தில் முதலில் கடை தருவோம் என்ற பத்தியைப் பார்த்துத்தான் உங்கள் கணவர் மனம் இளகியிருப்பார் என்று நினைக்கிறேன். இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. டர்பன் நார்த் பக்கம் வர்ஜீனியாவில் ஒரு வணிக வளாகம். அதில் எவர்ஃப்ரெஷ் என்ற கடையின் ஒப்பந்தம் 2009-இல் முடிந்தது. புதுப்பிக்கும் உரிமை எழுத்திலேயே இருந்தது, ஆனால் வாடகை 'பிறகு ஒப்புக்கொள்ளப்படும்' என்று விட்டிருந்தார்கள். இடையில் வளாகத்தை வாங்கிய ஷாப்ரைட் என்ற சூப்பர்மார்க்கெட் கம்பெனி, அதை மாற்றிக் கட்டும் திட்டம் இருக்கிறது, பேச எங்களுக்கு விருப்பமில்லை என்றது. ஒப்புக்கொள்வதாக ஒப்புக்கொள்வது ஒப்பந்தமே ஆகாது என்பது இங்கே நெடுநாள் விதி. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. நல்லெண்ணத்தோடு பேச வேண்டும், உபுந்து என்கிற ஆப்பிரிக்க மனிதநேய நெறியை ஒப்பந்தச் சட்டத்திலும் பார்க்க வேண்டும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது என்று 2011-இல் நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் அந்த வாதத்தைக் கீழ் நீதிமன்றத்தில் எழுப்பவில்லை என்று பெரும்பான்மையினர் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டார்கள். கடை போய்விட்டது. எவர்ஃப்ரெஷ் ஒன்றும் சின்ன வியாபாரி அல்ல, நல்ல வக்கீல்களோடு போனவர்கள்.

அதனால் அந்தப் பத்திக்கு ஒரு மதிப்பு வேண்டுமென்றால், வாடகையைக் கணக்கிடும் முறை அதிலேயே இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்றோ, உடன்பாடு வராவிட்டால் இரு தரப்பும் ஏற்கும் மதிப்பீட்டாளர் சொல்வதுதான் வாடகை என்றோ எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அது அலங்காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்தக் கணிப்பையும் சொல்கிறேன்: எழுதினாலும், புது வளாக வாடகையைக் குங்குமமும் சாம்பிராணியும் விற்றுக் கட்ட முடியுமா என்பது சந்தேகமே. அந்த வளாகத்தை நம்பி மூன்று வருடத் திட்டம் போடாதீர்கள்.

வார்விக் விஷயம். 1910-லிருந்து நடக்கும் அதிகாலைச் சந்தையை 2009-இல் டர்பனின் எதெக்வினி மாநகராட்சி மாலாக மாற்றப் பார்த்தது உண்மை. வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது, சந்தை இன்றும் நடக்கிறது. ஆனால் அது மாநகராட்சியின் சொத்து. அரசு அமைப்பு எடுக்கும் முடிவு முறையாக எடுக்கப்பட்டதா, டெண்டர் ஒழுங்காக நடந்ததா, பாதிக்கப்படுபவர்களைக் கேட்டார்களா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். தனியார் முதலாளியிடம் அந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது.

அவரும் அரசு அலுவலகப் படி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. முகப்பில் 1958 என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமஃபாவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. அனுமதி கேட்டார்களா என்று அமஃபாவுக்கு எழுதிக் கேளுங்கள். மாநகராட்சியின் திட்ட அலுவலகத்திலும், அந்த மனைக்கு மண்டல மாற்ற விண்ணப்பமோ கட்டட வரைபடமோ வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். எதுவும் இன்னும் உள்ளே போகவில்லை என்றால், இடிப்பு அடுத்த மாதம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பேரம் பேசும்போது இந்த ஒரு தகவலே பாதி வேலையைச் செய்யும். ஆட்சேபம் எழுதி இடிப்பையே தடுத்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். சாதாரணக் கடை வரிசைக்குக் கடைசியில் அனுமதி கிடைத்துவிடவே வாய்ப்பு அதிகம். உங்களுக்குக் கிடைப்பது காலம்.

வாடகையை நிறுத்தாதீர்கள். மழைக்கு ஒழுகாத இடத்தைத் தருவது முதலாளியின் கடமை, இடிக்கப் போகிறேன் என்பது அதற்குப் பதிலாகாது. கடையின் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாமல் போனால், அந்த அளவுக்கு வாடகைக் குறைப்புக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பது உடனே கணக்கிடக்கூடியதாக இருந்தால் தவிர, முழுவதையும் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பதே வழி. போதாததற்கு, பெரும்பாலான கடை ஒப்பந்தங்களில் 'எந்தப் பிடித்தமும் இல்லாமல்' கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். 2019-இல் முடிந்த உங்கள் பழைய ஒப்பந்தத்தின் அப்படிப்பட்ட வரிகள் மாதவாடகையிலும் தொடர்வதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பாக்கி விழுந்தால் கடைக்குள் இருக்கும் சரக்கின் மீதே முதலாளிக்குப் பிடி வந்துவிடும். எத்தனையோ பேர் நியாயமான கோபத்தில் வாடகையை நிறுத்தி, கூரை வழக்கில் ஜெயிக்க வேண்டியவர்கள் பாக்கி வழக்கில் தோற்றிருக்கிறார்கள். கட்டுங்கள், கூடவே ஒவ்வொரு மழைக்கும் தேதியோடு போட்டோ, நனைந்த சரக்கின் விலை, ஏஜென்டுக்கு ஒரு ஈமெயில். நீங்களே ஆள் வைத்துக் கூரையை அடைத்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். (வாடகைதாரர் செய்த செலவை எப்போது திருப்பிக் கேட்கலாம் என்பதற்கு அந்த உரிமையைச் சுருக்கி ஹாலந்தில் 1658-இல் போட்ட ஒரு கட்டளையைச் சமீபகாலம் வரை இங்கே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தோம். அது பண்ணை நிலத்துக்கு மட்டும், நகரத்துக் கட்டடத்துக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல்தான் தீர்த்துவைத்தது. உங்களுக்கு அது சாதகமான தீர்ப்பு, ஒப்பந்தத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருந்தால்.)

ஏஜென்ட் ஒருநாள் பூட்டை மாற்றிவிட்டால்? நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது, பாக்கி இருந்தாலும் சரி, நோட்டீஸ் காலம் முடிந்திருந்தாலும் சரி. அன்றைக்கே ஒரு வக்கீலிடம் போனால் அவசர மனுவில் கடையைத் திருப்பி வாங்கலாம். நீதிபதி அங்கே, யாருக்கு உரிமை என்று கேட்க மாட்டார். நேற்றுவரை யார் கையில் இருந்தது என்றுதான் கேட்பார். மின்சாரத்தை வெட்டினால் விஷயம் இவ்வளவு தெளிவு இல்லை, தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. அப்போதும் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு உறுத்துவது: இன்சூரன்ஸ். உங்களிடம் இருப்பது கற்பூரம், விளக்கெண்ணெய், ஊதுபத்தி, துணி. இரண்டு பக்கமும் காலிக் கடை. குளிர்காலத்தில் அங்கே யாராவது புகுந்து நெருப்பு மூட்டினால் என்ன ஆகும்? பாலிசி எடுத்தபோது பதினொரு கடையும் திறந்திருந்திருக்கும். அக்கம்பக்கம் காலியானதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். சொல்லாமல் இருந்தால், க்ளெய்ம் போடும் நாளில் அதையே காரணம் காட்டுவார்கள். கலவரச் சேதத்துக்கான சாஸ்ரியா காப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இதை டர்பன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏஜென்டிடம் என்ன கேட்பது? ஒப்பந்தம் உங்கள் கணவர் பெயரிலேயே இருக்கட்டும், ஜாமீன் கிடையாது. காலி செய்யும் நோட்டீஸ் ஆறு மாதம். அதுவும் இடிப்பு அனுமதியும் வரைபட ஒப்புதலும் கையில் வந்த பிறகுதான் கொடுக்கலாம், வெறும் உத்தேசத்தின் பேரில் கூடாது. வாடகை குறைய வேண்டும். வெறிச்சோடிய வரிசையில் முழு வாடகை கேட்பது பேராசை, அதை மரியாதையான வார்த்தையில் சொல்லுங்கள். அப்புறம், காலி செய்யும்போது கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கும். புல்டோசர் வரப் போகிற கட்டடத்துக்கு எதற்குப் பெயின்ட்? அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே டெபாசிட்டில் கைவைப்பார்கள்.

டெபாசிட் பழைய முதலாளியிடமிருந்து புதியவருக்கு மாறிவிட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புது முதலாளி யார் என்பதையும் ஏஜென்ட் வாயால் கேட்டு நம்ப வேண்டாம்; பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் சின்னக் கட்டணத்துக்குத் தேடிப் பார்த்துவிடலாம். பிறகு டெபாசிட் தகராறானால், 20,000 ராண்டுக்குள் என்றால், சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். தனிமனிதர் பெயரில் இருப்பதால் அங்கே நீங்களே வழக்குப் போட முடியும். கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு உள்ளே அனுமதியே கிடையாது, அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

காலம் கேட்கும்போது, மாதக் கணக்கைவிட உங்கள் வியாபாரக் காலண்டரை வைத்துக் கேளுங்கள். ஆடியில் அம்மன் கூழ், புரட்டாசி விரதம், தீபாவளி, பிறகு தைப்பூசக் காவடி: இந்த ஊரில் பூஜைக் கடைக்கு வருடத்தின் பணம் இந்த ஏழு மாதத்துக்குள்தான். அக்டோபரில் காலி செய்யச் சொன்னால் சரக்கு வாங்கிய கடனோடு தெருவில் நிற்பீர்கள். காவடி முடிந்து பிப்ரவரிக் கடைசியில் என்றால் அதே ஆறு மாதத்துக்கு வேறு மதிப்பு. எந்த மாதத்தில் நோட்டீஸ் கொடுத்தாலும் காலி செய்யும் நாள் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில்தான் விழ வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டுமானக்காரர்களுக்கு இது பெரிய இழப்பில்லை; பலர் இதை ஒப்புக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

முடிந்தால் நான்கு கடைக்காரர்களும் சேர்ந்தே கேளுங்கள். சலூன்காரர் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் பலம் கால்பங்கு குறையும். நால்வரும் ஒரே வக்கீலிடம் போனால் செலவும் நாலில் ஒன்று.

உங்கள் வீட்டுக்காரருக்கு: கேட்டோ மேனரில் நடந்தது, இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பெயரால் அரசாங்கமே செய்த பறிப்பு. அதற்கு நிலமீட்புக் கோரிக்கை போடும் கெடு 1998 டிசம்பர் 31. குடும்பத்தில் யாராவது அப்போது விண்ணப்பித்தார்களா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முடிவாகாத பழைய கோப்புகள் இன்னும் இருக்கின்றன. இப்போது நடப்பது வேறு. இதில் முதலாளி உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வருகிறார். உங்கள் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை.

மகன் சொல்வதில் பாதி சரி. ஆன்லைனில் குத்துவிளக்கு விற்கலாம். நாளைக்குக் காலையில் பூஜை, வெற்றிலையும் தேங்காயும் வேண்டும் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடி வருபவருக்கு விற்க முடியாது. அந்த வாடிக்கையாளருக்குக் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் போதும், இவ்வளவு பெரிய கடை தேவையில்லை. இடம் தேடும் வேலையை அவனிடம் இப்போதே கொடுங்கள். கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து, வருகிறவர்களின் வாட்ஸ்அப் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, இந்த ஆடியிலிருந்தே எழுதி வாங்கச் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தம், டெபாசிட் ரசீது, புதுக் காகிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு அட்டர்னியைப் பாருங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.